தாராவியில் நொறுங்கிய ஜெட் விமானம்

தாராவி,
பம்பாய்-17.
14-6-66

என் பிரியமுள்ள மைத்துனர் சிரஞ்சீவி காசிராஜனுக்கு அத்தான் வெயிலுமுத்து ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உம் அக்காள் அன்னத்தாயும் உம் மருமகள் சண்முகவடிவும் சுகம். அவ்விடத்தில் உம் சுகத்தையும் பிள்ளைகள் சுகத்தையும், கிணற்றில் தண்ணீர் ஊறியதா என்பதையும் எழுதவும்.

சுகம் என்று எழுதினதில் என் பங்கு மட்டும் பொய். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு, ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். உட்காருகிற இடத்தில் பலத்த அடி. உட்கார முடியாத பஸ் டிரைவரை வைத்துக்கொண்டு டிப்போவில் என்ன செய்வார்கள்? லீவு கேட்கப் போனேன். விழுந்துவிட்டேன் என்றேன். “எங்கேயிருந்து?” என்று கேட்டார் டைம் கீப்பர். விமானத்திலிருந்து என்று சொல்ல வாய் வரவில்லை. படிக்கட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் வீட்டில் படிக்கட்டே கிடையாது என்பது உமக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வேறு எவனாவது ஊருக்கு எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன். செம்பூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற சிவனாண்டி, வடிவைத் தம் மகன் பெரியநாயகத்துக்குப் பேசி முடிக்க, சம்சாரம் தங்கமயிலோடும் மகனோடும் வந்திருந்தார். பையனுக்குச் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் வேலை. கண்ணாடிக் கோபுரத்தில் இருக்கிறவர்கள் ஆகாயத்தில் வருகிற விமானத்தோடு பேசுகிறார்களே, அந்த ஒயர்லெஸ் மிஷின்களை ரிப்பேர் பார்க்கிறான். கல்யாணம் ஆன கையோடு அவனுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் ஆகிறதாம். நல்ல பையன். அவனிடம் உள்ள ஒரே குறை அவன் அப்பா.

கேசரி தின்றுகொண்டிருக்கும்போது தலைக்குமேல் ஒரு ஜெட் விமானம் இரைந்துகொண்டு போயிற்று. உடனே இந்தச் சிவனாண்டி கையைக்கூடத் துடைக்காமல் மேலே காட்டி, “நம்ம பய இல்லேன்னா அது இறங்காது பாத்துக்கிடும்” என்றார். பெண்ணைப் பெற்றவன் சிரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? எனக்குத்தான் அந்தப் பழக்கம் கிடையாதே! “பதினாலு வருசமா இரட்டை மாடி பஸ் ஓட்டுதேன் சம்பந்தி. அதுவும் தாதர் மார்க்கெட்டு வழியா. ஆகாசத்துல எருமை உண்டா? கைவண்டி உண்டா? குறுக்கே ஓடுத பொம்பளை உண்டா? என்னைத் தூக்கி அதுல உக்கார வச்சா நானே இறக்கிட்டுப் போறேன்” என்றேன். என் வாய் அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது.

பையன்தான் மரியாதையாக, “அப்படியில்ல மாமா” என்று ஆரம்பித்தான். பெரிய ஜெட் தரையைத் தொடும்போதே மணிக்கு நூற்றைம்பது மைல் வேகம் இருக்குமாம். முன்னால் நூற்றுக்கணக்கில் முள்ளும் விளக்கும் பொத்தானுமாக இருக்குமாம். “பழகாத ஆளுக்கு, எங்களோட பேசுறதுக்கு எந்தப் பொத்தானை அமுக்கணும்னே தெரியாது மாமா. கீழேயிருந்து ஒருத்தர் பொறுமையா சொல்லிக் குடுத்தா, சின்ன விமானத்தை எப்படியாவது இறக்கிடலாம். நூத்திநாப்பது பேர் இருக்கிற ஜெட்டு ரொம்பக் கஷ்டம்” என்றான்.

“எனக்கு எவனும் சொல்லிக் குடுக்க வேண்டாம் மாப்பிளே, மணி அடிச்சாப் போதும்” என்றேன். தப்பா, நீரே சொல்லும். எங்கள் தொழிலில் டிரைவர் திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. கண்டக்டர் ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி அடித்தால் எடு. மேல் மாடியில் அடிதடி நடந்தாலும் எனக்கு அக்கறையில்லை. அவன் மணியை நம்பித்தான் பதினாலு வருஷமாகப் பம்பாயையே ஏற்றி இறக்கியிருக்கிறேன். இதைப் பெருந்தன்மையாக விளக்கினால், சிவனாண்டி துள்ளி எழுந்து, “அப்போ இப்பவே இறக்கிக் காட்டும் வே!” என்கிறார்.

அதற்குமேல் ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சும்மா இருப்பது? பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். விமானி உசரத்தில் இருப்பான் என்று சிவனாண்டியே பெஞ்சின்மேல் முக்காலியை ஏற்றி, என்னை அதன்மேல் ஏற்றினார். ஸ்டியரிங்குக்கு உம் அக்காள் அரிசி புடைக்கிற சுளகு. பின்னால் நாற்காலிகளில் பிரயாணிகளாக உம் அக்காள், தங்கமயில், வடிவு. பெண்பார்க்கிற வீட்டில் பெண்ணைப் பாடச் சொல்லுவார்கள், கோலம் போடச் சொல்லுவார்கள். பெண்ணின் அப்பனை விமானம் ஓட்டச் சொல்லி எங்கேயாவது கேள்விப்பட்டீரா? பையன் அடுக்களை வாசலில் பித்தளைச் சொம்பும் கரண்டியுமாக நின்றான். அதுதான் கோபுரம். ஒரு மணி அடித்தால் இறக்க வேண்டும், இரண்டு மணி அடித்தால் ஏற்ற வேண்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகத்தான் ஓட்டினேன். பையன் “ஆயிரம் அடி” என்று ஒரு தட்டு தட்டுவான், நான் சுளகைக் கொஞ்சம் முன்னால் சாய்ப்பேன். “ஐந்நூறு.” டிங். “இருநூறு.” டிங். சிவனாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஐம்பது அடி மாமா, நேரா வாங்க” என்றான் பையன். அந்த நேரம் பார்த்தா சந்தில் பாவ் ரொட்டிக்காரன் சைக்கிளில் வர வேண்டும்? ட்ரிங் ட்ரிங்! இரண்டு மணி. இரண்டு மணி கேட்டால் வண்டியை எடு. இது என் கைகாலில் ஊறின தொழில். சுளகை நெஞ்சுவரை இழுத்து, காலால் ஆக்ஸிலேட்டரை அமுக்கினேன். ஆக்ஸிலேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பெஞ்சு முடிந்துபோயிருந்தது. முக்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெற்றிலையும் பூவும் பழமும் வைத்திருந்த தாம்பாளத்தின்மேல், நான் மேலே சொன்ன இடம் பட உட்கார்ந்தேன்.

“ஐயோ, தட்டு நசுங்கிப் போச்சே!” என்றாள் தங்கமயில். நான் நசுங்கினதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சிவனாண்டி சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார். “நூத்திநாப்பது உசிரும் போச்சே சம்பந்தி! பாவ்வாலா மணி அடிச்சா ஜெட்டைக் கிளப்பிக்கிட்டுப் போற ஆளு, ஒம்ம பஸ்ஸுல எவன்வே ஏறுவான்?” அதற்கு உம் அக்காள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். வடிவும் சிரித்தாள். சிரிக்காதவன் பையன் ஒருத்தன்தான். என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, “மொத தடவைக்கு ஐம்பது அடி வரைக்கும் கொண்டுவந்ததே பெரிசு மாமா” என்றான். கேலி செய்கிறவனையாவது மன்னிக்கலாம். ஆறுதல் சொல்கிறவனை என்ன செய்வது?

இதற்குப் பிறகும் அந்தக் குடும்பத்துக்குச் சொரணை வேண்டாமா? சிவனாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சம்பந்தம் நமக்குப் பிடிச்சிருக்கு, ஆவணியில முடிச்சிருவோம்” என்கிறார். என்னைப் பிடித்ததா, நான் விழுந்ததைப் பிடித்ததா? இந்தச் சம்பந்தம் வேண்டாம் மைத்துனரே. பதினாலு வருஷம் ஒரு மனுஷன்மேலும் உரசாமல் ஓட்டினவனை ஒரே சாயந்திரத்தில் நூற்றுநாற்பது பேரைக் கொன்றவனாக ஆக்கிவிட்டார்கள். நான் வேண்டாம் என்றால் உம் அக்காள் என்னைச் சும்மா விடமாட்டாள். தாய்மாமன் சம்மதம் இல்லாமல் நம் வீட்டில் தட்டு மாற்ற முடியாது. ஆகையால் ‘எனக்கு இந்த இடம் இஷ்டமில்லை’ என்று நீரே உம் அக்காளுக்கு ஒரு கடிதம் எழுதிவிடும். காரணம் எதுவும் போட வேண்டாம். விமானத்தைப் பற்றி மூச்சு விட வேண்டாம்.

உம் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஆகாயம் பூமி இரண்டிலும் முருகன் துணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நின்றபடியே,
உம் அத்தான்
வெ. வெயிலுமுத்து

பின்குறிப்பு: மேலே கேட்ட கடிதத்தை எழுத வேண்டாம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் குடும்பத்தோடு ரயில் ஏறிவிடும். உம் அக்காள் புதுத் தாம்பாளம் வாங்கிவிட்டாள். இவனைவிட நல்ல பையனை நான் எங்கே போய்த் தேடுவேன்? சொம்பில் கரண்டி தட்டுகிற சத்தம் எது, சைக்கிள் மணி எது என்று பதினாலு வருஷம் மணி கேட்டு ஓட்டினவனுக்குத் தெரியாதா மைத்துனரே? ஐம்பது அடி என்று பையன் சொன்னபோது ஒரு தப்புச் செய்தேன். திரும்பிப் பார்த்துவிட்டேன். வடிவு சேலையைச் சரிசெய்துகொண்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவள் மாதிரி நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். இங்கே ஒருத்தரிடமும் இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளோடு இன்னும் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து இறக்கலாமே என்று இருந்தது.