ஏழாம் நாள் படம்

கைப்பேசியைத் தூக்கினால் பிள்ளை அழுதான். கீழே வைத்தாலும் அழுதான். ஷுக்ரி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு சோபாவை எட்டிப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துப் பிள்ளை இன்னும் பலமாக அழுதான்.

ஷுக்ரிக்குக் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. மகன் பிறந்தபோது அங்கேதான் இருந்தான். ஏழாம் நாள் கொண்டாட்டத்துக்கு எப்படியோ விடுப்பு வாங்கி, இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து, அலெக்ஸாண்ட்ரியாவில் கர்மூஸ் பேட்டையிலுள்ள வீட்டுக்கு அன்று காலைதான் வந்து சேர்ந்தான். வந்து பார்த்தால் மனைவி லுப்னா, விருந்தாளிகளுக்கான மிட்டாய்ப் பைகளை விடிய விடியக் கட்டிவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தொட்டிலில் பிள்ளை வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தான்.

அவள் தூக்கம் கெடக் கூடாதென்று பிள்ளையை மெல்ல அள்ளிக்கொண்டு முன்னறைக்கு வந்தான். தூக்கியபோதே நல்ல கனம். ஏழு நாளில் இவ்வளவு கனமா என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. மகனின் முகத்தை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண் பட்டுவிடும் என்று லுப்னா இதுவரை அனுப்பியது ஒரே ஒரு படம். அதுவும் பாதத்தின் படம்.

கைப்பேசி மணி அடித்தது. மாமனார் ஹாஜ் பயூமி, தமன்ஹூரிலிருந்து.

"மாப்பிள்ளை, படம் எங்க?"

"எடுத்துக்கிட்டே இருக்கேன், மாமா."

"அச்சாபீஸ்லதான் உக்காந்திருக்கேன். மதியத் தொழுகைக்குள்ள வந்தாத்தான் பிள்ளை படம் போட்ட கார்டு அடிச்சு சாயங்காலம் கையோட கொண்டு வர முடியும். ஸ்டூடியோக்காரனைக் கூப்பிடலாம்னேன். நீதான் வேணாம்னே."

"நானே நல்லா எடுப்பேன், மாமா."

"பின்னால என்ன சத்தம் அது? மீன் ஏலமா?"

"உங்க பேரன்தான்."

மாமனார் சற்று யோசித்தார். "சத்தம் கார்டுல வராது. நீ எடு."

லுப்னாவின் அக்காள் கணவர் தன் பிள்ளைக்கு ஸ்டூடியோவில் இறக்கை கட்டிப் படம் எடுத்து ஊரெல்லாம் கொடுத்தவர். அந்த இறக்கையைப் பற்றி ஹாஜ் பயூமி இன்னும் பேசுகிறார். ஷுக்ரியைப் பற்றி அவர் பேசுவதெல்லாம், "பையன் நல்லவன், கடல்லயே இருக்கான்" என்பதோடு முடிந்துவிடும். இன்று அதை மாற்றிவிடுவதென்று ஷுக்ரி தீர்மானித்திருந்தான்.

மாலைச் சடங்கில் போட்டு ஆட்டுவதற்காகச் சரிகையும் ரிப்பனும் சுற்றி வைத்திருந்த பெரிய சல்லடையில் பிள்ளையைக் கிடத்தினான். சுற்றிலும் சர்க்கரை தோய்த்த பாதாம்களை அழகாக அடுக்கினான். பிள்ளை இரண்டு கால்களாலும் ஒரே உதை உதைத்தான். பாதாம்கள் சோபாவுக்கடியிலும் அலமாரிக்கடியிலும் போய்ப் பதுங்கிக்கொண்டன.

இரைச்சல் கேட்டால் பிள்ளைகள் அடங்கும் என்று மேடையில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. லுப்னாவின் தலைமுடி உலர்த்தியைப் போட்டான். உண்மையிலேயே அழுகை நின்றது. ஆனால் சல்லடையின் சரிகை பறந்து போய் உலர்த்தியின் வாய்க்குள் நுழைந்தது. கருகல் வாடை வந்தது. உலர்த்தி நின்றது, அழுகை தொடங்கியது.

அடுத்துக் கண்ணில் பட்டது துணி துவைக்கும் இயந்திரம். அதை ஓடவிட்டு, மேலே தலையணையைப் போட்டு, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டான். அதிர்வு பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் குலுங்கினான். ஷுக்ரி மறு கையால் படம் எடுத்தான். எல்லாப் படத்திலும் பிள்ளைக்கு இரண்டு தலை இருந்தது.

இரண்டு தலைகளையும் ஒன்றாக்குவது எப்படி என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கையில், இயந்திரம் குலுங்கிக் குலுங்கிச் சுவரை விட்டு நகர்ந்து தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு அவன் குழாயை அடைப்பதற்குள் சமையலறை குளமாகிவிட்டது. லுப்னா விடிய விடியக் கட்டிய மிட்டாய்ப் பைகள் அந்தக் குளத்தின் நடுவே ஒரு கூடையில் இருந்தன.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு ஸபாஹ் அக்கா நின்றாள். லுப்னாவுக்குத் தாய் இல்லை. பிரசவ நேரத்திலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டவள் இவள்தான். ஸபாஹுக்கும் கைப்பிள்ளை உண்டு என்று லுப்னா போனில் சொல்லியிருந்தாள். வேறு என்னவெல்லாமோ சொன்னாள்; மேடையில் அடித்த காற்றில் முக்கால்வாசி காதில் விழவில்லை.

"தம்பி, எப்ப வந்தே? வந்ததும் வராததுமா எங்க கூரையில மழை பெய்யுது."

"மன்னிச்சிடுங்க அக்கா. படம் எடுத்துட்டிருந்தேன்."

"தண்ணிக்குள்ளயா?"

ஸபாஹின் தோளில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததை ஷுக்ரி அப்போதுதான் பார்த்தான். சின்ன உருவம். பால் வடியும் முகம். தாடையில் விரலால் தொட்டு வைத்தது போல ஒரு குழி. தூக்கத்திலேயே உதட்டை ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தது. அவன் கையில் இருந்ததோ தொண்டை நரம்பு புடைக்கக் கத்தியது.

"அக்கா, இவன் அழவே மாட்டானா?"

"இவனா? தங்கம். வயித்துக்கு ஊத்தினாப் போதும், தூங்கிடுவான்."

"கொஞ்சம் சின்னவனாத் தெரியறான். பால் போதலையோ?"

ஸபாஹ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. "அப்பன் எப்படியோ பிள்ளை அப்படி, தம்பி. நாம என்ன பண்றது."

ஷுக்ரி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரு உதவி. கால் மணி நேரத்துக்கு இவனைக் குடுங்களேன். ஒரே ஒரு படம். மாமனார் அச்சாபீஸ்ல உக்காந்திருக்கார். இந்த வயசுல எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் இருக்கும், யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாது," என்று ஸபாஹ் ஒப்புக்கொண்டாள். "உன் பிள்ளை மாதிரியே நெனச்சு எடுத்துக்க. திருப்பித் தர அவசரமே இல்ல. ஆனா லுப்னாகிட்ட என்ன சொல்வே?"

"நீங்கதான் சொல்லாம இருக்கணும்."

"நானா? என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது." ஏனோ வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, கத்தும் பிள்ளையை வாங்கி ஆட்டிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

சல்லடையில் கிடத்தியதும் அந்தப் பிள்ளை ஒரு கொட்டாவி விட்டு, கையைக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டது. ஷுக்ரி ஒரே ஒரு முறைதான் அழுத்தினான். இறக்கை எதுவும் தேவைப்படவில்லை. படத்தை மாமனாருக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தான். "கண்ணு பட்டுடப் போகுது, சுத்திப் போடுங்க அக்கா," என்று பெருந்தன்மையோடு சொல்லியும் அனுப்பினான்.

உடனே கைப்பேசி அடித்தது. மாமனார் சிறிது நேரம் மூக்கை உறிஞ்சினார்.

"மாப்பிள்ளை, என் வாப்பாவோட தாடைக் குழி."

"என்ன மாமா?"

"எனக்கும் வரல, என் தம்பிகளுக்கும் வரல. அவரோடயே போச்சுன்னு நெனச்சிருந்தோம். என் பேரன் கொண்டு வந்துட்டான். அவர் பேரையே வைக்கிறோம். உன்னை நான் என்னவோ நெனச்சிருந்தேன் மாப்பிள்ளை, மன்னிச்சிடு. என் தங்கச்சியும் கெளம்பறா. அந்தக் குழியில முத்தம் குடுக்கணுமாம்."

ஷுக்ரி மகனின் தாடையைப் பார்த்தான். வழவழவென்று முட்டை மாதிரி இருந்தது.

லுப்னா எழுந்து வந்தபோது அவன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளிடம் படத்தைக் காட்டியே ஆக வேண்டியிருந்தது. காட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். திரைக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். "எவ்வளவு அழகா எடுத்திருக்கே, ஷுக்ரி."

பெற்றவளுக்கே தெரியவில்லை. ஷுக்ரிக்கு அவள் மேல் இருந்த மதிப்பு சற்று ஆட்டம் கண்டது. அதற்குள் அவள் நனைந்த கூடையைப் பார்த்துவிட்டதால், மதிப்பைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க அவகாசம் கிடைக்கவில்லை. திட்டி முடித்துவிட்டு, கத்திக்கொண்டிருந்த பிள்ளையின் தலையைத் தடவினாள்.

"பாவம், இவன் இன்னும் அடங்கலையா? சோம்புத் தண்ணி வெச்சிருக்கேன், குடு. நான் கீழ ஸபாஹ் அக்கா வீட்டுக்குப் போறேன். பால் குடுக்கணும், குளிக்கணும், தலை வாரணும். அப்படியே அங்கேயே உடுத்திக்கிட்டு வந்துடறேன்."

பால் கொடுக்க வேண்டியவன் இங்கே இருக்கும்போது அவள் எதற்குக் கீழே போகிறாள் என்று ஷுக்ரி கேட்டிருக்கலாம். ஆனால் அவன் மனமெல்லாம் தாடையில் இருந்தது.

அழுத்தினால் குழி விழுமோ என்று சுண்டுவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தான். விரலை எடுத்ததும் சதை பழையபடி நிமிர்ந்தது. கடைசியில் லுப்னாவின் கண்மையை எடுத்தான். தாடை நடுவே சின்னதாக ஒரு நிழல் தீட்டி, ஓரத்தை விரலால் கலைத்துவிட்டான். தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் குழிதான்.

மாலையில், லுப்னா கீழேயிருந்து வரும் முன்பே, ஹாஜ் பயூமி கார்டுக் கட்டோடு வந்தார். பின்னால் அவர் தங்கை நஃபீஸாவும், தம்பி குடும்பங்களும். படிக்கட்டு ஏறும்போதே எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கார்டு கொடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்ததும் கத்தும் பிள்ளையைக் கையில் வாங்கி, வாயிலிருந்து வழிந்த சோம்புத் தண்ணீரைக் கட்டைவிரலால் ஆசையோடு துடைத்தார்.

குழி கட்டைவிரலோடு வந்துவிட்டது.

ஹாஜ் பயூமி விரலைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். கார்டைப் பிள்ளையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அறையில் பிள்ளையைத் தவிர யாரும் சத்தம் போடவில்லை.

"மாப்பிள்ளை, குழி எங்க?"

ஷுக்ரிக்கு இதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. பகலெல்லாம் செய்த ஒவ்வொரு காரியமும் அடுத்த சிக்கலுக்குத்தான் வழிவிட்டது. இனி உண்மை ஒன்றுதான் பாக்கி.

"மாமா, அந்தப் படத்துல இருக்கறது என் பிள்ளை இல்ல. இவன் அழுதுக்கிட்டே இருந்தான். அதனால கீழ்வீட்டுப் பிள்ளையைக் கடன் வாங்கி எடுத்தேன். லுப்னாவுக்குக் கூடத் தெரியாது. தப்பு என்னோடது."

ஹாஜ் பயூமி மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தார். கார்டுக் கட்டு மடியில் இருந்தது. அவருக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தைப் பார்த்தபோது ஷுக்ரிக்குக் கடலிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

முதலில் பேசியவள் அத்தை நஃபீஸா. "அது சரி. நம்ம வாப்பாவோட குழி கீழ்வீட்டுப் பிள்ளைக்கு எப்படி வந்துச்சு?"

நஃபீஸா அண்ணனின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீ இளவயசுல இந்தக் கர்மூஸ்லதானே பஞ்சாலையில வேலை பார்த்தே?"

தம்பிமார் இருவரும் அண்ணனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"அல்லாஹ் சாட்சி," என்று ஹாஜ் பயூமி வியர்வையைத் துடைத்தார். கட்டைவிரல் மை நெற்றியில் நீளமாக ஒரு கோடு இழுத்தது. "நான் வேலைக்குப் போவேன், வேலை விட்டா ரயில் ஏறிடுவேன்."

"எந்த ரயில்?" என்றாள் நஃபீஸா.

அப்போது திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு கீழ்வீட்டு மித்வல்லி வந்தான். ஸபாஹின் கணவன், ரொட்டிக் கடையில் இரவு முழுக்க அடுப்படியில் நிற்பவன். பனியனும் கலைந்த தலையுமாக இருந்தான். ஒரு கையில் தாடைக் குழியோடு தூங்கும் பிள்ளை. கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு சலாம் வைத்து, பெரிதாகக் கொட்டாவி விட்டான்.

"தம்பி, நான் எழுந்தாச்சு. பகல்ல நான் தூங்கணுமேன்னு ஸபாஹும் லுப்னாவும் தினம் காலையில பிள்ளைய மாத்தி வெச்சுக்கிறாங்க. இந்தா உன் பையன், அந்த அழுமூஞ்சி என்னோடது, குடு."