விருந்தாளியை விடுவிக்க விதி இல்லை

வந்தாரை வாழவைப்பது நம் மரபு. ஆகவே, சண்டை நடக்கும் நாடுகளிலிருந்து வந்து, விசா முடிந்துபோனவர்களைப் பூட்டிவைக்கும் கட்டடத்துக்குத் தாம்பரம் பக்கத்தில் ‘சிறப்பு விருந்தினர் இல்லம்’ என்று முறைப்படி பெயர் சூட்டப்பட்டது. அங்கே அதிகாரி என் பள்ளித் தோழன் துரைராஜ். அவன் வாயாலேயே சொன்ன கதை இது. கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

சூடானிலிருந்து படிக்க வந்த பையன் இத்ரீஸ். தமிழ் நன்றாகவே பேசுவான். ஊரில் சண்டை, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வழியில்லை, பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். விசா முடியாத அவன் மனைவி குரோம்பேட்டை லேடீஸ் ஹாஸ்டலில் நிறைமாசமாக இருக்கிறாள். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டுமே என்று துடிக்கிறான்.

“என்னை விட்டுடுங்க சார்.”

“புடிச்சிருந்தாத்தானேப்பா விடறதுக்கு? நீ விருந்தாளி.”

“அப்போ கெளம்பறேன்.”

“அதுக்கு விதி இல்ல. ஜாமீன் கைதிக்குத்தான்.”

“சரி, கைது பண்ணுங்க!”

“நீ குத்தம் எதுவும் செய்யலியே?”

இத்ரீஸ் யோசித்தான். துரைராஜின் டிபன் கேரியரைத் திறந்து, கோவளத்து வஞ்சிர வறுவலைப் பட்டப்பகலில், சாட்சிகள் முன்னிலையில் தின்று தீர்த்தான்.

“திருடிட்டேன் சார்.”

“விருந்தாளி சாப்பிட்டா திருட்டாடா? கொழம்பும் ஊத்திக்கோ.”

பையன் ஓவென்று அழுதுவிட்டான். துரைராஜுக்கு மனசு கேட்கவில்லை. மேலிடத்தைக் கேட்டான். பதில் வந்தது: மேற்படி விருந்தாளியை வீட்டு உரிமையாளர் எவரேனும் குடிவைத்துக்கொள்ளும் பட்சத்தில், அன்னார் அங்கே சென்று விருந்தாளியாகத் தொடரலாம்.

உடனே பையனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கரணையில் என் வீட்டுக்கே வந்துவிட்டான் துரைராஜ். எங்கள் மாடி காலி.

என் மனைவி கனகவல்லி கேட்டைத் திறக்காமலே பையனை விசாரித்தாள்.

“கறி, மீன் உண்டா?”

“உண்டும்மா.”

“கொழந்தைங்க?”

“இந்த வாரம் பொறக்கும்.”

“பொறந்தா செவுத்துல கிறுக்குமே?”

“கிறுக்க ரெண்டு வருஷம் ஆகும்மா.”

“அடேயப்பா! அதுவரைக்கும் இருக்கப்போறியா?”

துரைராஜ் என்னைப் பார்த்தான். “மச்சான், நீயாவது சொல்லுடா.”

என்னத்தைச் சொல்ல? “எங்க நலச்சங்கத்தைக் கூட்டித் தீர்மானம் போடணும்டா,” என்றேன். இத்ரீஸ் தானே போய்ப் பைக்கில் உட்கார்ந்துகொண்டான்.

நேற்று அவனுக்கு மகள் பிறந்தாளாம். போனில் அழுகைச் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டார்களாம். பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூட விடவில்லை! எனக்கு ரத்தம் கொதித்துப்போனது. ஈவிரக்கமில்லாத அரசாங்கம் சார் இது!

அது கிடக்கட்டும். எங்கள் மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நல்ல குடும்பமா யாராவது இருந்தா சொல்லுங்க.