மாமியார் காரின் சிவப்பு விளக்கு

"அது பல்லு இல்ல மாப்பிள்ளை, எஞ்சின். பிடுங்கிட்டுப் பஞ்சு வைக்க முடியாது" என்றார் மாமியார்.

கார் ஷெட்டில் நின்ற பல் டாக்டருக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் வாயிலிருந்து 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லை அவர் வாங்கியதே இல்லை. இன்று வாங்காமல் விடுவதில்லை என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் அது. வக்கீல் தொழிலை விட்ட கையோடு மாமியார் ஆசை ஆசையாக வாங்கியது. திடீரென்று ஒருநாள் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. எஞ்சினுக்குள் ஆயில் சரியாகப் பாயவில்லை, மீறி ஓட்டினால் எஞ்சின் பணால் என்று அர்த்தம். வழக்கமான மெக்கானிக் கையை விரித்துவிட்டான். மனசே இல்லாமல் மாமியார் விற்கச் சம்மதித்திருந்தார்.

"விட்டுடுங்க மாப்பிள்ளை. நாளைக்குத்தான் வாங்குற ஆள் வர்றாரே" என்றார் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார்.

"சும்மா இருங்க மாமா. விளக்கு சொன்னா நம்பிடறதா? பிரஷரை நேரா அளந்து பாத்துடறேன்."

பிரஷரை அறிந்து விளக்குக்குச் சொல்லும் சென்சார் எஞ்சினின் முதுகுப்பக்கம் ஒளிந்திருந்தது. நோயாளி வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை விட்டுத் தேடிப்பிடித்தார். கழற்றியதும் உள்ளே தேங்கியிருந்த ஆயில் அவர் முழங்கை வரை வழிந்தது. அந்த இடத்தில் ஒரு பிரஷர் மீட்டரை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்தார். முள் கம்பீரமாக ஏறி நின்றது.

"ஆயில் அருமையா பாயுது அத்தை! பொய் சொல்றது சென்சார்தான்!"

"கண்டுபிடிச்சா ஆச்சா? மாத்துங்க."

கடைக்கு ஓடி புது சென்சார் வாங்கி வந்தார். மாட்டும்போது ஸ்பேனர் நழுவி, எஞ்சினுக்குக் கீழே மூடியிருந்த அடித்தட்டுக்குள் விழுந்தது. அதை எடுக்க வண்டிக்கு அடியில் படுத்து அடித்தட்டைக் கழற்றினார். அது நேராக அவர் நெற்றியில் விழுந்தது. வலியில் கையை உதற, சென்சார் ஒயர் முனையின் கிளிப் உடைந்தது.

"என்னங்க இது, பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையா!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க வேற அம்மாகிட்ட மானத்தை வாங்காதீங்க. உள்ள வாங்க."

"இந்த விளக்கை அணைக்காம நான் உள்ள வரமாட்டேன்!"

"வயித்தைக் காயப்போடாதீங்க மாப்பிள்ளை. முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் தூங்குங்க" என்றார் மாமனார், பாசம் பொங்க.

மாப்பிள்ளை அசையவில்லை. மறுபடி கடைக்குப் போய்ப் புது கிளிப் வாங்கி வந்து பொருத்தினார். அவசரத்தில் சென்சாரை முழுசாக முடுக்காமல் ஸ்டார்ட் செய்ய, ஆயில் பீய்ச்சி மாமியாரின் வெள்ளைச் சுவரில் கோலம் போட்டது. பதறி எஞ்சினை அணைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். குறைந்த ஆயிலை ஊற்றி, ஒவ்வொரு இடமாகத் துடைத்துப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

"சாவியைத் திருப்புங்க அத்தை" என்றார்.

வண்டி உறுமியது. சிவப்பு விளக்கு ஒருமுறை கண்ணடித்துவிட்டு அணைந்தது.

மாமியார் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "பரவாயில்லையே மாப்பிள்ளை! உங்களை என்னமோன்னு நினைச்சேன். இனிமே இந்த வண்டியை யாருக்கும் குடுக்கப் போறதில்ல."

பல் டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இதற்காக எத்தனை நெற்றி வேண்டுமானாலும் வீங்கட்டும்.

"ஏங்க, வந்து ஏறுங்க! மலை ரோட்ல ஒரு விரட்டு விரட்டிட்டு வருவோம்!" என்று புருஷனைக் கூப்பிட்டு ஹாரனை அலறவிட்டார் மாமியார்.

மாமனார் பேப்பரை மடித்தார். உயிர் பிழைக்க வேண்டி நெற்றி நிறையத் திருநீறு பூசினார். மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிந்தார்.

"நல்லா இருந்த சென்சாரைக் கழட்டிட்டு இந்தச் செத்த சென்சாரை மாட்டச் சொல்லி, அந்த மெக்கானிக் கால்ல விழாத குறையா கெஞ்சினது நான்தான் மாப்பிள்ளை."