வெளிச்சுவருக்குப் போட்ட பத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு, கூடவே அவளுடைய அப்பா வீட்டுச் சுவரையும் கட்டிக்கொண்டு அழும் மச்சான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். வெளிச்சுவருக்கு மட்டும்தான் சுகமில்லை. அங்கே நீங்களும் பிள்ளைகளும் உங்கள் வீட்டுச் சுவர்களும் சுகந்தானே?

வீட்டை அடுக்குமாடி கட்டுகிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்று நீங்கள் போனில் சொல்லும்போதெல்லாம் உங்கள் அக்கா "எங்கப்பா வீட்டுல ஒரு செங்கல்லை எவன் தொடுறான்னு பாக்கறேன்" என்பாள். பாதி வீடு உங்களுக்கு, பாதி அவளுக்கு; இடையில் நான் மதில்மேல் பூனையாக இருந்தேன். இந்தக் கடிதத்தோடு பூனை உங்கள் பக்கம் குதித்துவிட்டது. நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவளிடம் நான் வாங்கிவிடுகிறேன். எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்.

நடந்ததைக் கேளுங்கள். கீழே கருங்கல்லும் மேலே செங்கல்லுமாக இருந்த சுவரைப் பார்த்து, "என்ன மச்சான், பஞ்சத்துல அடிபட்ட மாதிரி இருக்கு, சிமெண்ட் பூசுங்க" என்று போன முறை வந்தபோது நீங்கள்தான் சொன்னீர்கள். பூசினோம். அன்றிலிருந்து அதற்கு ஈரம் ஆறவில்லை, உப்புப் பூத்து, செங்கல் மாவு மாவாக உதிர்ந்தது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் என்ஜினீயரம்மாவை உங்கள் அக்கா கூட்டிவந்தாள். அந்தம்மா சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "சார், இது சுண்ணாம்புக் காரைல கட்டின சுவர், மூச்சு விடணும். நீங்க சிமெண்டைப் பூசி வாயையும் மூக்கையும் பொத்திட்டீங்க. யார் சொன்னது?" என்றார். குடும்ப மானத்தைக் காப்பாற்றத்தான் நினைத்தேன். முடியவில்லை, உங்களைச் சொல்லிவிட்டேன்.

சிமெண்டை உளியால் செல்லமாகக் கொத்தி எடுத்தார்கள். என் காப்பியில்கூடத் தூசி. அதன்பின் ஒரு நாள், உங்கள் அக்கா கடைக்குப் போயிருந்த நேரம், என்ஜினீயரம்மா போனில், "சார், வெளிச்சுவத்துக்குப் பத்து போட்டுடுங்க. பெருசா, தடிமனா போடுங்க. காஞ்சதும் வந்து பாக்கறேன். விவரம் அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்" என்றார். காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குப் பத்து போட விவரம் வேறா? சிவப்புப் பெயிண்ட் வாங்கி, ஏணி வைத்து ஏறி, ஒன்றை ஓர் ஆள் உயரத்துக்கும் பூஜ்யத்தை வண்டிச் சக்கரம் அளவுக்கும் எழுதினேன். பூஜ்யம் அவ்வளவு உருண்டையாக வந்தது, பலகையில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. அன்று அக்காவுக்கு வீடு திரும்ப இருட்டிவிட்டதால் அவள் கவனிக்கவில்லை.

நம் வீட்டு எண் நான்கு. அதே தெருவில் பத்தாம் எண் பல் டாக்டருடையது. விடிந்ததும் நம் கூடத்தில் கன்னம் வீங்கியவர்கள் கூட்டம். சுவர் விஷயமாக வந்தவர்கள் என்று நானும் உட்காரவைத்து உபசரித்தேன். ஒருவர் என்னைப் பார்த்து "ஆ" என்று வாயைத் திறந்தார். நானும் மரியாதைக்கு எட்டிப் பார்த்து, "கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, ஆனா உளி இருக்கு" என்றேன். ஆள் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்துவிட்டார். சத்தம் கேட்டு வந்த உங்கள் அக்கா, கன்னத்தில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்த ஒருவரைப் பார்த்தாள், வெளியே போய்ச் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, அவரு கன்னத்துல போட்டிருக்காரே, அதுக்குப் பேரு என்ன?"

"பத்து" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

சுவருக்கும் அதைத்தான் போட வேண்டுமாம்! காகிதக் கூழையும் களிமண்ணையும் பிசைந்து ஈரமாக அப்பினால், காய்கிறபோது உள்ளே இருக்கும் உப்பை உறிஞ்சிவிடுமாம். அக்கா சிரித்த சிரிப்பில் பல்வலிக்காரர்களும் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இப்போது தெருவில் எனக்குப் பெயர் 'பத்து சார்'. அதோடு விட்டாளா உங்கள் அக்கா? கூழுக்கு அச்சுப் படாத காகிதம் வேண்டும் என்று என் பெட்டியைத் திறந்தாள். பரீட்சையில் பிள்ளைகள் ஒன்றுமே எழுதாமல் திருப்பிக் கொடுத்த தாள்கள், கட்டுக் கட்டாக! நான் பாடம் நடத்தியதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி. நான் எழுதிய சிவப்புப் பத்தைச் சுரண்டி எடுக்கவைத்து, தாள்களில் முட்டை போட்ட ஓரத்தைக் கிழித்துவிட்டு மீதியை ஊறப்போட்டுக் களிமண்ணோடு சுவரில் அப்பிவிட்டாள். இனிப் பொறுப்பதற்கில்லை. இடித்துவிடலாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் வாய்ப்பாடு தவறாமல் வளர ஆசிகள்.

இப்படிக்கு,
மானம் போன மச்சான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். உங்க மச்சான் இதை எழுதி, தபால்ல போடச் சொல்லிக் குடுத்தது போன மாசம். கோவம் ஆறட்டும்னு அலமாரியில வெச்சேன். நீ கையெழுத்தும் போட வேண்டாம், ஒண்ணும் போட வேண்டாம். பத்து காஞ்சு உப்பையெல்லாம் இழுத்துக்கிட்டு உதிர்ந்துச்சு. உள்ள அப்பா காலத்துச் செங்கல் அப்படியே செவசெவன்னு இருக்குடா, எனக்கு அழுகையே வந்துடுச்சு. இவரு காலையில எழுந்ததும் அதைத் தடவிக் குடுத்துட்டுத்தான் காப்பி குடிக்கிறாரு. நீ அனுப்பின அடுக்குமாடிக்காரர் வந்தாரு. "சுவர் மூச்சு விடுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு இவரு அவரை ரோட்டுலயே நிறுத்திப் பேசி அனுப்பிட்டாரு. நேத்து என்ஜினீயரம்மா வந்து கையை வெச்சுப் பாத்து, "பொழைச்சுக்கிச்சு சார்"னாங்க. அவங்க போனதும் இவரு சாக்பீஸை எடுத்துக்கிட்டு வெளிய போனாரு. வேலை பாத்த காலத்துல ஒரு பிள்ளைக்கும் போடாத மார்க்கு, சுவத்து ஓரத்துல சின்னதா எழுதியிருக்காரு, பத்துக்குப் பத்துன்னு. நான் அழிக்கலை.