துணிக்கிடங்கு போன்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கச்சி வணங்கி எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முகத்தைத்தான் வெளியே காட்ட முடியவில்லை. நீங்கள் ஹெட்கிளார்க்கிடம் சொல்லி வைத்ததால்தான் பெரியாஸ்பத்திரியில் எனக்குக் கூட்டுகிற வேலை கிடைத்தது. அவர் உங்கள் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

உங்க மாப்பிள்ளை தவறிப்போன பிறகு ஆஸ்பத்திரியில அவர் பார்த்த துணிக்கிடங்கைப் பூட்டிட்டாங்க. விரிப்பு, போர்வையெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போயிடுச்சு. அவர் மேசையும் போனும்தான் மிச்சம். போன் செலவு கைமீறிப் போச்சுன்னு கணக்கு அதிகாரி ஒரு உத்தரவு போட்டார், ஒரு மாசம் மணி அடிக்காத போனையெல்லாம் கழட்டிடணுமாம். உங்க மாப்பிள்ளை காதுல வச்ச போன் அண்ணா அது. வேலை முடிஞ்சதும் வார்டு போன்லேர்ந்து அதுக்கு அடிப்பேன். மணி கேட்டா அதுக்கு உசிரு இருக்குன்னு ஒரு நினைப்பு. ஒரு தடவையில மனசு ஆறல, அடிச்சுக்கிட்டே இருந்தேன். மாசக் கடைசியில பார்த்தா, ஆஸ்பத்திரியிலேயே ஓயாத போன் அதுதானாம். இவ்வளவு வேலையை ஒத்தை ஆள் எப்படித் தாங்குவார்னு அதிகாரி உச்சுக்கொட்டி, செத்த மனுஷனுக்கு ஒத்தாசையா ரெண்டு பேரை அனுப்பிட்டார். எனக்கு அது தெரியாது. வழக்கம்போல அடிச்சேன். அந்தப் பக்கம் எடுத்துட்டாங்க. "துணிக்கிடங்கு"ன்னு ஒரு ஆம்பிளைக் குரல். என் வாய் என் பேச்சைக் கேட்கல அண்ணா. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டுட்டேன். அந்தப் புண்ணியவானும், இன்னும் இல்லைங்க, நீங்க யாருன்னு மரியாதையா கேட்கிறார். பக்கத்துல நின்ன நர்சம்மாவுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு.

அதிகாரி கூப்பிட்டு விட்டார். அத்தனை பேர் முன்னாடி, "எடுக்க ஆளில்லாத போனுக்கு எதுக்கும்மா அடிச்சே?"ன்னார்.

"எடுக்க ஆளிருந்தா நான் ஏன் சார் அடிக்கப்போறேன்?"

யாரோ சிரிச்சாங்க. அதிகாரி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். நான் தரையையே பார்த்துக்கிட்டு நின்னேன், அதுவும் நான் கூட்டின தரை.

வேலை தப்பிச்சுது. ஆனா உள்ளேயிருந்து அடிச்சா இனிமே கணக்குல சேராது, வெளியிலிருந்து வந்தாத்தான் சேரும்னு உத்தரவைத் திருத்திட்டார். மாசம் முடிஞ்சா கழட்டிடுவாங்க. கழட்டட்டும். அந்தப் போனை மறந்துட்டேன்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணிட்டேன். உங்க பேரைக் கெடுத்தவளை மன்னிச்சுடுங்க. உங்க வீட்டுல எல்லாரும் நோய்நொடி இல்லாம நீடூழி இருக்கணும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் தங்கச்சி

பி.கு.: துணிக்கிடங்கு நம்பரை உறைக்குப் பின்னாடி எழுதியிருக்கேன். நீங்க வெளியூர்தானே அண்ணா. மாசம் முடியறதுக்குள்ள மத்தியானத்துக்கு மேல அடிங்க. அந்த ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிட்டாங்க, யாரும் எடுக்க மாட்டாங்க, உங்களுக்குக் காசும் ஆகாது. உடனே வச்சுடாதீங்க, கொஞ்ச நேரம் அடிக்கட்டும். அந்நேரம் நான் துணிக்கிடங்கு வராந்தாவைத்தான் கூட்டிக்கிட்டிருப்பேன்.