பூட்டு அண்ணன் அனுமதித்த நாலாவது கேள்வி

"முடியாது" என்ற சொல்லைப் பூட்டு அண்ணன் அளவுக்கு நிம்மதியாகச் சொல்லக்கூடிய மனிதர் மலேசியாவிலேயே கிடையாது.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சாப்ட்வேர் ஆபீஸ். எந்த லோரி எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்லும் புரோகிராம் அவர் எழுதியது. வாடிக்கையாளர்கள் அதனிடம் மூன்றே கேள்விகள் கேட்கலாம்: எந்த லோரி, எந்த வழி, எப்போது சேரும். நாலாவதாக ஒன்று கேட்டால் மனிதர் முகத்தைத் தூக்கிக்கொள்வார். பூட்டு என்ற பெயர் சும்மா வரவில்லை.

கேட்டவனைக் கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வேறு இழுத்துப் போவார்.

"சாம்பார் கேட்டா வருதா?"

"வருது அண்ணே."

"எந்த அடுப்புல வெச்சாங்கன்னு கேட்டியா? நாளைக்கு அடுப்ப மாத்துனா உனக்கென்ன? சாப்பிடு லா."

கிள்ளானில் லோரி கம்பெனி நடத்தும் சரோ அக்கா ஒருநாள் போன் செய்தார். "தம்பி, உள்ளுக்கு இருக்கிற மேப் விவரம் எல்லாத்தையும் எங்களுக்கு நேரா குடுத்துடுங்க. நாங்களே பாத்துக்கிறோம்."

சரியென்று சொல்லிவிட்டுப் பூட்டிடம் போய் நின்றேன்.

"அத வெச்சு அக்காவுக்கு என்னடா தெரியணும்?"

விசாரித்தால், லோரி தாமதமாகுமா என்பது மட்டும்தான் வேண்டுமாம். "அப்ப அத மட்டும் கேக்கட்டும்" என்று நாலாவது கேள்வியை அனுமதித்தார். மேப் விவரம் மட்டும் கடைசிவரை வெளியே வரவில்லை. கஞ்சன் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கும், விழட்டும்.

பிறகு காப்பாரில் என் நிச்சயதார்த்தம் வந்தது. அந்த வாரம் பார்த்தா எங்கள் புரோகிராமுக்கு மேப் கொடுக்கும் கம்பெனி கடையை மூடவேண்டும்! வெள்ளிக்கிழமையோடு சேவை நிற்குமாம். "யாருக்கும் லீவு இல்ல" என்றார் முதலாளி. சனிக்கிழமை பெண் வீட்டில் பந்தல் போட்டு எல்லாரும் காத்திருப்பார்கள், மாப்பிள்ளை மட்டும் கம்ப்யூட்டர் முன்னால்!

பூட்டு அலட்டிக்கொள்ளவில்லை. உள்ளே இருந்த மேப்பைப் பிடுங்கிப்போட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். வெளியே அதே நாலு கேள்விகள், அதே மாதிரிப் பதில்கள். வெள்ளி மாலை சரோ அக்காவின் போன் வந்தபோது திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன்.

"லோரி எல்லாம் கெளம்பிருச்சு தம்பி. நாளைக்கு எத்தனை மணிக்கு பங்ஷன்? நான் பச்சை சேலைய எடுத்து வெச்சிட்டேன்."

அப்பாடா! உள்ளே அவ்வளவு நடந்தது அக்காவுக்குத் தெரியவே தெரியாது. அன்றே அக்கா கேட்டபடி மேப்பைத் தூக்கிக் கொடுத்திருந்தால், அது நின்றதும் அக்காவின் லோரிகள் அத்தனையும் நின்றிருக்கும், சரிசெய்துகொண்டு நான் கிள்ளானிலேயே குடியிருந்திருப்பேன்.

இருந்தாலும் சனிக்கிழமை ஒருவர் ஆபீசில் இருந்தே ஆகவேண்டும் என்றார் முதலாளி. பூட்டு நிமிரக்கூட இல்லை.

"நான் இருக்கேன். நீ போடா, பொண்ணு வீட்ல தேடுவாங்க."

நிச்சயதார்த்தப் படம் ஒன்றிலும் அவர் இல்லை. அந்த மனுஷன் ஆபீசில் உட்கார்ந்திருந்ததால்தான் நான் அந்தப் படங்களில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.