நாகலூர் பங்களாவில் ஒரு நாற்றம்

"அம்மா, முன்னறையில என்னமோ செத்துக் கெடக்குதுங்க" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள் சமையல்கார அருக்காணி.

கண்ணம்மாளுக்குப் பகீரென்றது. சாயங்காலம் நாலு மணிக்கு ஹார்ட்லி துரையும் துரைசானியும் டீ குடிக்க வருகிறார்கள். துரைக்கு டிரினிடாட் தீவில் சர்க்கரை ஆலை இருக்கிறது. கண்ணம்மாளின் கணவர் நல்லமுத்துவை அந்த ஆலைக்குப் பெரிய என்ஜினீயராகக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பார்க்கத்தான் வருகிறார்.

நல்லமுத்து கெமிக்கல் என்ஜினீயர். ரங்கூனில் எண்ணெய், ஜாவாவில் சர்க்கரை, மொரீஷியஸில் சாராயம் என்று காய்ச்சிவிட்டு, இரண்டு வருஷமாக ஏற்காட்டு மலையில், நாகலூரில், வெள்ளைக்காரர் எஸ்டேட்டில் எலுமிச்சம்புல் தைலம் காய்ச்சுகிறார். போன இடத்துக்கெல்லாம் குடும்பத்தையும் கூட்டிப் போவார். பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. மூத்தவள் ரங்கூனில் பிறந்தாள், நடுவுள்ளவள் ஜாவாவில், கடைக்குட்டி கப்பலில். "உனக்கு எந்த ஊரு சாமி?" என்று யாராவது கேட்டால் கடைக்குட்டி, "தண்ணி" என்பாள்.

பதினோரு வருஷத்தில் ஏழு வீடு. எந்த ஊரிலும் கண்ணம்மாள் போட்ட அவரைப் பந்தல் பூ விடும்போதே பெட்டி கட்டியாகிவிடும். நாகலூரில்தான் முதல் தடவையாகக் காய் பறித்துப் பொரியல் செய்தாள்.

டிரினிடாட் பேச்சு வந்த அன்று நல்லமுத்து கேட்டார்: "உனக்கு எப்படி, கண்ணம்மா?"

"உங்களுக்குச் சந்தோசம்னா எனக்கும் சந்தோசந்தானுங்க" என்று சிரித்துவிட்டுக் கொல்லைக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். வேறென்ன சொல்வது? ஹார்ட்லி துரை எஸ்டேட் துரைக்கு மைத்துனர். வரமாட்டேன் என்றால் இருக்கிற வேலையும் போய்விடும்.

போவதென்று ஆகிவிட்டது, அவர் பெயராவது கெடாமல் போகட்டும் என்று இருந்தவளுக்கு இப்போது இந்த நாற்றம்.

சாம்பிராணி போட்டாள். பத்து நிமிஷத்தில் அறை, செத்த எலிக்குக் கருமாதி நடக்கிற வீடு போல மணத்தது.

"பினாயில் ஊத்தட்டுங்களா?" என்றாள் அருக்காணி.

"ஊத்து."

இப்போது எலி சேலம் பெரியாஸ்பத்திரியில் செத்தது போல இருந்தது.

"ஐயாவைக் கூட்டியா, ஓடு!" என்றாள் கண்ணம்மாள்.

நல்லமுத்து தைல ஷெட்டிலிருந்து வந்தார். அறை நடுவில் நின்று, கண்ணை மூடி, சங்கீதம் கேட்பவர் போல மூன்று தடவை முகர்ந்தார்.

"மச்சுல ஏறிப் பாத்தீங்களா?"

"அதுக்கு ஏணி வேணுமுங்களே."

ஷெட்டிலிருந்து ஏணியை வரவழைத்து அவரே ஏறினார். கொஞ்ச நேரம் உள்ளே உருட்டிவிட்டு இறங்கினார். "ஒண்ணுமில்லை. இது காற்றிலேயே இருக்கிறது. கந்தகம் எரிக்கணும். ஜன்னலையெல்லாம் சாத்து."

"சாத்துனா நாத்தம் எப்படிங்க வெளிய போகும்?"

"நீ கெமிஸ்ட்ரி படிச்சியா, நான் படிச்சேனா?"

ஜன்னல்களைச் சாத்தினார்கள். இரும்புச் சட்டியில் கந்தகம் எரிந்தது. ஐந்தாம் நிமிஷம் மூன்று பெண்களும் அருக்காணியும் இருமிக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் ஓடினார்கள். பசுமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கரடியூர்ப் பக்கம் போய்விட்டது.

"அடுத்தது புளித்த காடியைக் காய்ச்சினால் கந்தகம் அடங்கும்" என்றார் நல்லமுத்து. அடங்கவில்லை. "அப்படியானால் தைலம்" என்று இரண்டு பாட்டில் எலுமிச்சம்புல் தைலத்தை ஜமக்காளத்தில் ஊற்றினார். அதற்கப்புறம் அந்த அறையில் என்ன வாடை என்று சொல்ல எந்தப் பாஷையிலும் வார்த்தை கிடையாது.

"ஏனுங்க, பந்தலடியிலயே நாற்காலி போட்டு டீ குடுத்துரலாமுங்க!" என்று கெஞ்சினாள் கண்ணம்மாள்.

"துரையை வெளியே உட்கார வைப்பதா? மரியாதையா அது?"

நாலு மணிக்குக் கார் வந்தது. துரை சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். சிரிப்பு வாசற்படியோடு நின்றுவிட்டது. துரைசானி கைக்குட்டையை எடுத்தவள், பிறகு கீழே இறக்கவேயில்லை.

"பனி வருகிறது" என்று சொல்லி நல்லமுத்து கதவையும் சாத்தினார்.

துரை டீயை ஒரு வாய் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. அறை நடுவில் புகைகிற சட்டியைப் பார்த்தார், ஊறிக் கிடக்கிற ஜமக்காளத்தைப் பார்த்தார். "இதையெல்லாம் செய்தது யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நான்தான், சார். காலையிலிருந்து நாற்றத்தைப் போக்கிக்கொண்டிருக்கிறேன்."

துரைசானி எழுந்து, யாரிடமும் சொல்லாமல் காருக்கு நடந்தாள். துரை தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"மிஸ்டர் நல்லமுத்து, ஒரு அறையின் நாற்றத்தைப் போக்கத் தெரியாதவரிடம் என் ஆலையை எப்படி ஒப்படைப்பேன்? என் மைத்துனன் உங்களைத் தைலத்தோடு வைத்துக்கொள்ளட்டும். அதுவாவது மணக்கிறது."

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. கண்ணம்மாள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். ஆம்பிளை நாலு பேர் முன்னால் அழுகிறாரே!

"எம்மேலதான் தப்புங்க. நாந்தான் மொதல்ல சாம்பிராணியப் போட்டுக் கெடுத்தேன்" என்றாள்.

"விடு கண்ணம்மா" என்றார் அவர், முகத்தைத் துண்டால் மூடியபடியே. பிறகு கடைக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, மற்ற இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு, காரை வழியனுப்பச் சாலை வரைக்கும் போனார்.

கண்ணம்மாள் ஜன்னல்களைத் திறந்துவிட்டு நாற்காலியில் சரிந்தாள். இனி பெட்டி கட்ட வேண்டியதில்லை. சந்தோஷம் பொங்கிக்கொண்டுதான் வந்தது. ஆனால் ரங்கூனும் ஜாவாவும் பார்த்த மனுஷன் ஒரு நாற்றத்திடம் தோற்றுவிட்டாரே என்று நினைத்தபோது அந்தச் சந்தோஷமே குற்றம் போலத் தோன்றியது. புருஷன் மானம் போன நாளில் சந்தோஷப்படுகிற பெண்டாட்டி எங்கேயாவது உண்டா? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அப்போது புழக்கடைக் கதவில் யாரோ தட்டினார்கள். தைல ஷெட்டில் பாய்லருக்கு விறகு போடும் சின்னையன், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்கம்மா, தொரை கெளம்பிட்டாருங்களா? அப்ப, ஒரு வாரமா ஐயா ஒக்காந்து கலக்கி மச்சு மேல வெக்கச் சொன்ன நாத்த ஜாடிய எறக்கீரட்டுங்களா, இல்ல இன்னும் எந்தத் தொரையாச்சும் வர்றாருங்களா?"